சிங்கத்துக்குப் பின்னால் படுத்திருந்த பிள்ளை

ஷரீபா என் மகனைப் பிடித்துத் தள்ளினாள்.

செல்லத் தள்ளு இல்லை. கடைப்படியில் ஒரு காலை வைத்து ஏறப் போனவனை, நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளு. பொத்தென்று புழுதியில் உட்கார்ந்தான். அப்போதுதான் நடை பழகியிருந்த பிள்ளை. அழக்கூடத் தோன்றாமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இனிமே புள்ளையத் தூக்கினு கடைக்கு வராத சரோ. சாமான எல்லாம் ஒடைக்கிறான்."

"இன்னாத்த ஒடைச்சான்? காட்டு பாக்கலாம்."

"வராதன்னா வராத. போ."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாபுவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் ஓட்டைக் கடையை நீயே கட்டிக்கினு அழு" என்று நடுரோட்டில் நின்று கத்திவிட்டு வந்தேன். லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று முதல் நாங்கள் பேசவில்லை.

கபூர் பாய் கடை

இது அறுபதுகளின் கடைசியில் புதுவாயல் கூட்டு ரோட்டில் நடந்தது. என் வீட்டுக்காரருக்குக் கவரைப்பேட்டையில் அரிசி மில்லில் வேலை. கல்கத்தா ரோட்டின் ஒரு பக்கம் எங்கள் வாடகை வீடு, எதிர்ப்பக்கம் கபூர் பாயின் பழைய சாமான் கடை. கடைக்குப் பின்னாலேயே அவர்கள் குடியிருந்தார்கள்.

ஆந்திரப் பக்கம் ஜமீன் பங்களாக்கள் ஒவ்வொன்றாக விலைபோய்க்கொண்டிருந்த நேரம். பாய் மாதத்தில் பாதி நாள் அந்தப் பக்கம்தான் சுற்றுவார். சாவி தொலைந்த கடிகாரம், ஒரு கை இல்லாத நாற்காலி, பீங்கான் ஜாடி என்று லாரியில் போட்டுக்கொண்டு வருவார். அவர் இல்லாத நாட்களில் ஷரீபாதான் கடை.

ஷரீபாவுக்கு என் வயசுதான். சின்னப் பிள்ளையிலேயே அம்மை வார்த்த முகம், கன்னமெல்லாம் குழி. சிரித்தால் அந்தக் குழிகளும் சேர்ந்து சிரிக்கும். அவளுக்கு நஸீமா என்று ஆறு வயசில் ஒரே பெண். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் பொன்னம்மாக்கா. பழவேற்காட்டு ஏரியோரத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி வருவாள். வியாபாரம் முடிந்ததும் காலிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் எங்கள் மூன்று பேர் வாயும் சேர்ந்தால் கடையில் ஓடாத கடிகாரம்கூட ஓடும் என்று பாய் கேலி செய்வார்.

எனக்கு அந்தக் கடையில் உயிர் என்றால் சித்திரக் கம்பளங்கள்தான். ஜமக்காளம் மாதிரி கனமாக இருக்கும். தரையில் விரிப்பதல்ல, சுவரில் மாட்டுவது. சீமையில் நெய்தது. கம்பளி நூலும் பட்டு நூலும் கலந்து மரம், மான், குதிரை, கோட்டை என்று ஒரு காடே நூலில் இருக்கும். வெயில் காலத்தில் அதன் ஓரமாக உட்கார்ந்தால் முதுகில் ஜில்லென்று இருக்கும். ரசகற்பூர உருண்டையும் பழைய பெட்டியும் கலந்த ஒரு வாசனை. லாரிப் புழுதி படிந்ததும் நானும் ஷரீபாவும் பிரம்பால் தட்டுவோம். தட்டத் தட்ட மான் தெளியும், அப்புறம் அதன் கண் தெளியும்.

மில் கணக்கும் ரேஷன் கியூவும் தவிர வேறொன்றும் பார்க்காத எனக்கு அது பெரிய அதிசயம். அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"முன்னால பாக்குறது யாரும் பாப்பாங்க. பின்னால பாரு" என்று ஒருமுறை பாய் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் நூல் முனைகள் முடிச்சு முடிச்சாகத் தொங்கின. ஆனால் நிறம்! முன்பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிப் போன இலை, பின்னால் கிளிப்பச்சையாக இருந்தது.

ஆத்தா இறங்கின கதை

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் ஒரு கம்பளம் வந்தது. பெரியது, கடையின் பின்சுவர் அகலத்துக்கு. அதில் ஒரு சீமைப் பெண் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு அங்கி, தலையில் ஏதோ கிரீடம், பக்கத்தில் ஒரு சிங்கம். சுற்றிலும் பூவும் இலையும்.

பாய் அதைச் சுவரில் அடிக்கவில்லை. கடையையும் வீட்டையும் பிரிக்கிற வாசலில் கயிறு கட்டித் திரையாகத் தொங்கவிட்டார். சென்னையிலிருந்து யாரோ வாங்க வருவார்களாம், அதுவரைக்கும் காற்றாடட்டும் என்றார்.

பொன்னம்மாக்கா கூடையோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். கூடையைக் கீழே போட்டாள்.

"அடி ஆத்தாளே!"

"இன்னாக்கா?"

"இன்னாவா? கண்ணு தெரில? சிங்கத்தோட குந்திகினு இருக்காளே!"

நான் சிரித்தேன். "அது வெள்ளைக்காரிக்கா" என்றேன். "வெள்ளைக்காரி எவளாவது சிங்கத்தப் பக்கத்துல வெச்சிப்பாளா?" என்று கேட்டாள் அவள்.

வேறு வருஷமாக இருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு போயிருக்கும். அந்த வருஷம் சுற்றுவட்டாரமெல்லாம் பெரியம்மை. பேரைக்கூடச் சொல்ல மாட்டோம், 'அம்மா வந்திருக்கா' என்போம். எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பிள்ளைக்கு அம்மை கண்ட ஒரு குடும்பத்தைச் சவுக்குத் தோப்புக்கு அடித்துத் துரத்திவிட்டார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சர்க்கார் ஆள் வந்தாலோ, பிள்ளையை வேனில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். அங்கே போனது திரும்பாது என்பதுதான் ஊர்ப் பேச்சு. அம்மை குத்துகிறவர் சைக்கிள் மணி கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடுவார்கள்.

அப்படிப் பயந்து கிடந்த ஊருக்கு, சிங்கத்தோடு ஒருத்தி ரோட்டோரக் கடையில் வந்து உட்கார்ந்தால் விடுவார்களா? முதலில் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். பிறகு மில் வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள். செவ்வாய், வெள்ளியில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. கம்பளத்தின் ஓரத்தில் வேப்பிலை செருகினார்கள். பிள்ளைகளைச் சிங்கத்தின் காலடியில் கிடத்தி எடுத்தார்கள்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இன்னா பண்றது? கும்புடுறவங்க கும்புட்டுட்டுப் போவட்டும். ஆனா ஒண்ணு, கற்பூரம் மட்டும் கொளுத்தக் கூடாது. நூலு, பத்திக்கும்." இதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். பொன்னம்மாக்காவுக்கு அதில் தீராத மனக்குறை. "கற்பூரம் காட்டாத ஆத்தா எந்த ஊர்ல இருக்கா?" என்று வரும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

அந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் பாய் நெல்லூர்ப் பக்கம் போனார். அவர் போன மறுவாரம்தான் ஷரீபா என் மகனைத் தள்ளியது.

தாளிக்காத வீடு

சண்டை போட்டுவிட்டேனே தவிர மனசு ஆறவில்லை. ஜன்னல் வழியாக எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷரீபா கடைப்பலகையைப் பாதி மட்டும் திறந்து வைத்திருந்தாள். நஸீமாவை வெளியே காணவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னம்மாக்கா நேரே என் வீட்டுக்கு வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஷரீபாக்கு எம்மேல இன்னா கோவம்?"

"எனக்கே தெரியாது. ஏன்?"

"மூணு நடையா மீன் வேணாங்குறா. அவ ஊட்ல மீன் வாங்காத நாளு ஏது? பின்பக்கமா போய்ப் பாத்தேன். அடுப்புல வெறும் கஞ்சி. எண்ணெ வாசனையே இல்ல. தாளிக்கவே இல்லடி அவ."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது இன்னதென்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கவிச்சி கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. இந்துவோ முஸ்லிமோ, ஏரியோரமோ வயலோரமோ, அந்தப் பயத்தில் எல்லோரும் ஒன்று.

பாபுவைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து முறத்தை நக்கிக்கொண்டிருந்தான். ஷரீபா தள்ளுகிற நாள் வரைக்கும் அந்தக் கடையில்தானே தவழ்ந்தான், நடந்தான்? நஸீமா மடியில்தானே தூங்கினான்? அவனுக்கு அம்மை குத்தவும் இல்லை. குத்துகிறவர் வந்த அன்று அவனுக்குக் காய்ச்சல், அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

"அக்கா, இவனப் பாத்துக்கோ. வெளிய விடாத" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன். எனக்குச் சின்ன வயசிலேயே ஊசி குத்தித் தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் போனேன்.

கம்பளத்தின் பின்பக்கம்

கடை வாசலில் பெண்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். நான் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

உள்ளே இருட்டு. வேப்பிலை வாசனையும், அதற்கு அடியில் இன்னொரு வாசனையும். அதைப் பற்றி எழுத வேண்டாம். கம்பளத்துக்கு இந்தப் பக்கம், அதை ஒட்டினாற்போல் வாழையிலையில் நஸீமா கிடந்தாள். முகம் முழுக்க முத்துகள், உள்ளங்கையிலும். கண் இரண்டும் வீங்கி, ஒன்று மூடியே கிடந்தது. திறந்திருந்த கண்ணால் கம்பளத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷரீபா என்னைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "புள்ள எங்க? புள்ளையத் தூக்கினு வந்துட்டியா?"

"இல்ல. அக்காகிட்ட இருக்கான்."

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். "அன்னிக்குக் காலைல இவ நெத்தியில ஒண்ணு பாத்தேன் சரோ. எனக்குத் தெரியாதா அது இன்னான்னு? என் மூஞ்சில இருக்குதே. திரும்புறேன், உம் புள்ள படியேறிகினு இருக்கான். வாயில வார்த்தையே வர்ல. தள்ளிட்டேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"அவரு வர்ற வரைக்கும் இப்டியே ஓட்டிடலாம்னு பாத்தேன். சொன்னா இவளத் தூக்கினு போயிடுவாங்க. இல்ல, கடைக்குள்ள ஆத்தாள வெச்சிகினு நாங்க கறி தின்னதாலதான்னு சொல்லுவாங்க. கடையத் தெறக்கலன்னா ஏன் தெறக்கலன்னு பலகைய ஒடைப்பாங்க. வாசல்ல வேப்பல செருவலாம்னா, அதான் ஏற்கெனவே கட்டுக்கட்டா செருவி வெச்சிருக்காங்களே! அதப் பாத்துட்டு இன்னும் பத்து பேர் சேந்து வர்றாங்க."

அப்போது முன்பக்கம் சத்தம் கேட்டது. பாதித் திறந்த பலகை வழியாகப் பெண்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். "பாயம்மா, கொஞ்சம் வழி வுடு. பச்சப்புள்ள, ஆத்தா காலடில போட்டு எடுத்துடுறேன்" என்று ஒரு குரல். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கலுக்கும் நஸீமாவுக்கும் நடுவில் ஒரு கம்பளம்தான் இருந்தது.

ஷரீபாவின் கையைப் பிடித்தேன். "சொல்லாத. நான் போய் கடை லீவுன்னு சொல்றேன். எதையாவது சொல்லி அனுப்பிடுறேன்."

"இன்னிக்கு அனுப்புவ. செவ்வாக்கெழம?"

"கொன்னுடுவாங்கடி உன்ன."

அவள் என் கையை எடுத்துவிட்டாள். "உம் புள்ளைய நான் தள்ளினேன் சரோ. இந்தப் புள்ளைங்கள யாரு தள்ளுறது?"

முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கம்பளத்தை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போனாள்.

படியில் ஒரு கூடை

நான் கம்பளத்தின் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

"யாரும் கிட்ட வராதீங்க. என் பொண்ணுக்கு அம்ம வார்த்திருக்குது. இதுக்குப் பின்னாலதான் படுத்திருக்கா. புள்ளைங்களத் தூக்கினு வெளிய போங்க. போங்க!"

ஒருத்தி வீறிட்டாள். எல்லோரும் பிள்ளைகளை வாரிக்கொண்டு விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். ஒரு பீங்கான் ஜாடி உருண்டு உடைந்தது.

டீக்கடைப் பக்கமிருந்து ஆண்களும் வந்துவிட்டார்கள். "இத்தினி நாளு மறைச்சிகினு எங்க புள்ளைங்களை உள்ள வுட்டியா?" என்று ஒருத்தன். "கடையோட வெச்சுக் கொளுத்துங்கடா, நோய் அத்தோட போவட்டும்" என்று இன்னொருத்தன். முகம் தெரியவில்லை, குரல்தான். அந்தக் குரல் இன்னும் சில சமயம் கனவில் வந்து என்னை எழுப்பிவிடும். ஷரீபா வாசலிலேயே நின்றாள்.

அப்போது பொன்னம்மாக்கா ரோட்டைத் தாண்டி வந்தாள். பாபுவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மீன் கூடையைக் கடைப்படியில் கவிழ்த்தாள். அதன்மேல் காலை அகட்டி உட்கார்ந்தாள்.

"எவன்டா கொளுத்துறேன்னது? முன்னால வா, பாக்கலாம். ஆத்தா துணில இருந்தா கையெடுத்துக் கும்புடுவீங்க. அவ ஒரு புள்ள மேல எறங்கி வந்தா நெருப்பு வெப்பீங்களா? வெச்சிட்டு ஊட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கிடுவியா நைனா நீ?"

யாரும் முன்னால் வரவில்லை. பின்னால் போகவும் இல்லை. கடைசியில் அந்தக் கைக்குழந்தைக்காரி, கொண்டு வந்திருந்த இளநீரைப் படிக்குத் தள்ளி மண்ணில் வைத்தாள். "புள்ளைக்குக் குடு பாயம்மா" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பொழுது சாய்வதற்குள் படிக்குக் கீழே இளநீரும் மோரும் வரிசையாக இருந்தன. ஆட்கள் மட்டும் யாரும் இல்லை.

கற்பூரம்

மறுநாள் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார், கூட ஒரு சர்க்கார் டாக்டர். பிள்ளையை நகர்த்தினால் வழியெல்லாம் பரவும், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். வாசலில் ஒரு ஆளைக் காவல் போட்டார்கள். அந்தக் கூட்டுரோட்டில் யாரும் கரும்புத் தோட்டத்துக்கு ஓடவில்லை. வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். நான் முதல் ஆளாகப் பாபுவைக் கொண்டுபோனேன்.

"இனிமே பயமில்லையா சார்?"

"எப்போ ஒட்டுச்சோ யாருக்குத் தெரியும்? ஊசி முந்திக்கினா சரி. பாத்துக்கினே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் பாபுவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி நெற்றி, கழுத்து, உள்ளங்கை, வாய்க்குள் என்று தேடுவேன். கொசுக்கடியைப் பார்த்து இரண்டு தரம் ஐயோ என்று அலறி, தெருவையே கூட்டியிருக்கிறேன். அந்த நாட்களில் நான் என்ன சமைத்தேன், என்ன தின்றேன் என்று ஒன்றும் ஞாபகமில்லை. தாளிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் வீட்டில் அம்மை இல்லை. ஆனாலும் எண்ணெய்ச் சட்டியை எடுக்கக் கை வரவில்லை.

பாபுவுக்கு ஒன்றும் வரவில்லை. குப்பத்திலும் மில் வீடுகளிலும் சில பேருக்குக் கண்டது, ஒரு பெரியவர் போய்விட்டார். நஸீமாவுக்கு முத்து இறங்கி, பொருக்கு உதிர்ந்து, மூன்றாம் தண்ணியும் தலைக்கு ஊற்றினார்கள்.

பிறகு டாக்டர் சொன்னார், அந்த அறையில் இருந்த துணி எல்லாவற்றையும் கொளுத்த வேண்டும். கம்பளத்தையும்.

கோரைப்பாயும் பாவாடையும் எரிந்தன. கம்பளத்தை ஊருக்கு வெளியே ஆற்று மணலில் விரித்துப் போட்டாயிற்று. சீமைப் பெண் வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். தீப்பெட்டியை யார் எடுப்பது? சர்க்கார் ஆள்கூட, கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். ஷரீபா எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

பொன்னம்மாக்கா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றி, கம்பளத்தைச் சுற்றி வந்து காட்டினாள். கரையில் நின்ற கூட்டம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. சுற்றி முடித்து, எரிகிற தட்டைச் சிங்கத்தின் காலடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னிக்காவது காட்டினேனே" என்றாள்.

கம்பளி சட்டென்று பிடிக்கவில்லை. வெகுநேரம் புகைந்தது, முடி பொசுங்குகிற நாற்றம். அதன் ஓரம் சுருண்டு திரும்பியபோது பின்பக்கம் ஒரு கணம் தெரிந்தது. பளீரென்ற மஞ்சளில் சிங்கம். முன்பக்கம் நாங்கள் எல்லோரும் பார்த்தது சாம்பல் நிறச் சிங்கம்தான். அந்த மஞ்சளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நஸீமா ஒருத்திதான், அதுவும் ஒற்றைக் கண்ணால்.

எந்த ஊரில் சுற்றுகிறார் என்று தெரியாமல் தகவல் அனுப்ப முடியாதிருந்த கபூர் பாய் அடுத்த நாள்தான் வந்தார், கையில் நீளமாக ஒரு பித்தளைக் கம்பியோடு. கம்பளத்தை ஒழுங்காக மாட்டுவதற்காம். மகளைப் பார்த்தார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

படி

அதற்குப் பிறகும் ஷரீபா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் போனாலும் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே "வேணாம் சரோ, இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்" என்று கையைக் காட்டுவாள். கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கழுவினார்கள், மறுபடி சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஒரு காலையில் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு நஸீமா. முகமெல்லாம் அம்மாவைப் போலவே குழி. ஒரு கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

"சரோ, புள்ளையத் தூக்கினு வா."

அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது. பாபுவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கடைப்படிக்கு முன்னால் இறக்கிவிட்டேன். அவன் ஏறவில்லை. புழுதியில் விழுந்த இடத்தையும் ஷரீபாவையும் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஷரீபா குனிந்து அவனை வாரி எடுத்து, படியைத் தாண்டி உள்ளே இறக்கிவிட்டாள்.